ஒரு அளவு, இரண்டு சட்டை

1

“பொங்கலுக்குச் சட்டை தைக்கணும். உன் அளவை அனுப்பு.”

அம்மா அனுப்பியிருந்த செய்தி இவ்வளவுதான். கெம்னிட்ஸ் நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்க, டிராம் நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். டிராம் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போயேவிட்டது. ஜெர்மனியில் டிராமைத் தவறவிடுவது பெரிய விஷயமில்லை, பத்து நிமிடத்தில் இன்னொன்று வரும். ஆனால் என் அளவை ஒருவர் கேட்பது இந்த இருபத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை.

காரணம் இருக்கிறது. நானும் சங்கரும் இரட்டைப் பிள்ளைகள். அவன் பதினோரு நிமிடம் மூத்தவன். ஆடித் தபசுக்குக் கொடியேறிய வாரத்தில் பிறந்ததால் அவன் சங்கரன், நான் நாராயணன். சங்கரன்கோவிலில் பிறந்துவிட்டு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கோயிலில் பாதிச் சிவனும் பாதிப் பெருமாளும் ஒரே உடம்பில் நிற்கிறார்கள். நாங்கள் ஒரே ஆள், இரண்டு உடம்பு. பள்ளிக்கூடத்தில் சங்கர் செய்த தப்புக்கு நான் முட்டி போட்டிருக்கிறேன்.

ஆடித் தபசு, தீபாவளி, பொங்கல். வருடத்துக்கு மூன்று முறை அம்மா ஒரே துணியில் இரண்டு சட்டைக்கு எடுப்பாள். அந்த நேரம் வீட்டில் எவன் கையில் சிக்குகிறானோ அவனை இழுத்துக்கொண்டு கழுகுமலை ரோட்டு டெய்லர் அண்ணாச்சியிடம் போவாள். அண்ணாச்சி சிக்கியவனுக்கு அளவெடுப்பார். நோட்டில் எழுதி, பக்கத்தில் ‘ரெண்டு’ என்று போட்டு வட்டமிடுவார். முடிந்தது. ஒரு அளவு, இரண்டு சட்டை. யார் சட்டை யாருடையது என்று வீட்டில் சண்டை வந்ததே இல்லை. எதைப் போட்டாலும் பொருந்தும்.

இப்போது என் அளவை அனுப்பச் சொல்கிறாள். அதாவது, அவன் அளவு இனி என் அளவு இல்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

2

மூன்று வருடத்துக்கு முன் நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் கலர் விளக்கு மினுக்குகிற எடை மிஷினில் இருவரும் ஏறிப் பார்த்தோம். எனக்கு ஐம்பத்து மூன்று கிலோ. அவனுக்கும் ஐம்பத்து மூன்று.

“மிஷினு ரிப்பேருலே,” என்றான் சங்கர். “எனக்குச் சட்டைப்பையில செல்போன் இருக்கு, ஒனக்கு இல்ல. எப்படிச் சரியா வரும்?”

சிரித்தானே தவிர, அவனுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வில் மார்பளவு போதாமல் அப்போதுதான் திரும்பி வந்திருந்தான். நான் வந்த மறு வருடம் இரண்டாவது முறை போனான். மார்பு தேறிவிட்டது. கயிறு ஏறுகையில் பாதியில் கை விட்டுப்போனது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதோடு வயது வரம்பு முடிகிறது. அதுவும் தப்பினால் அப்பாவின் தறிச் செட்டில் எட்டு விசைத்தறிக்கு நடுவே ஆயுசுக்கும் துண்டு நெய்ய வேண்டியதுதான். தறி மட்டமான வேலை என்று நாங்கள் இருவருமே நினைத்ததில்லை. ஆனால் சங்கருக்குக் காக்கிச் சட்டை வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து வேண்டும்.

“நீ படிச்சவன்லா. எதைத் திங்கணும், எதைத் தூக்கணும், எல்லாம் எழுதிக் குடு. கண்ண மூடிக்கிட்டுச் செஞ்சிருதேன்,” என்றான் போனில்.

எதில் இறங்கினாலும் தலைகுப்புற இறங்குகிற ஆள் நான். இங்கே துணி மிஷின்களின் உதிரிப் பாகங்களைச் சோதிக்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு சின்னப் பல்சக்கரம் எத்தனை லட்சம் சுற்றில் தேயும் என்று கணக்குப் போடுகிறவனுக்கு, ஒரு மனிதன் எத்தனை முட்டையில் தேறுவான் என்று கணக்குப் போடுவது கஷ்டமா? ஒரே வாரத்தில் அட்டவணை தயார். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, வியாழன் கால். ஐந்து வேளைச் சாப்பாடு, எட்டு மணி நேரத் தூக்கம். இருவருக்கும் அதே அட்டவணை. நானும் எத்தனை நாள்தான் ஓணானாக இருப்பது?

யோசித்துப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு உடம்பு, ஒரே அட்டவணை, இரண்டு ஊர். சோதனைக்கூடத்தில் தவம் கிடந்தாலும் இப்படி அமையாது. எவன் தேறுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம் இருக்கிறது. பால், முட்டை, கோழி எல்லாவற்றிலும் எவ்வளவு புரதம் என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறான். அங்கே என்ன இருக்கிறது, ஒரு தகரக்கொட்டகையும் துருப்பிடித்த நாலு கம்பியும்.

3

என் பக்கத்து நிலவரம். காலையில் க்வார்க். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரோடு அதிலிருக்கும் சந்தோஷத்தையும் வடித்துவிட்டால் கிடைக்கிற பொருள் அது. அரைக் கிலோ டப்பாவில் வரும். இங்கே ஜிம்முக்குப் போகிறவன் எல்லாம் அதைத்தான் தின்கிறான். நான் கால் டப்பா தாண்டியதில்லை. மதியம் கேன்டீன். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று உபசரிக்க, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, போதை ஏறிவிட்டது என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். மேசையே சிரித்தது. அதன்பிறகு இரண்டு வாரம் தனியாக உட்கார்ந்து, சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்தேன். சாயங்காலம் ஜிம். அப்புறம் அறைக்கு வந்து, அடுப்படியில் நின்றபடியே ரொட்டி. அட்டவணையில் ஐந்து வேளைக்கும் டிக் அடித்துவிடுவேன். டிக் அடிக்க நான் சோம்பேறிப்பட்டதே இல்லை.

அரசாங்கமும் கவலைப்பட்டது. கம்பெனி மருத்துவர் ‘எடை குறைவு’ என்ற கட்டத்தில் குறியிட, இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது: மதிப்பிற்குரிய திரு. சுப்பையா அவர்களுக்கு, உங்கள் உடல் எடை குறித்து ஆலோசனை பெற வரவும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் என் குடும்பப் பெயர். இந்த ஊரில் என்னை யாரும் நாராயணன் என்று கூப்பிடுவதில்லை. அப்பாவின் எடை எண்பத்திரண்டு. கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். “வெள்ளக்காரனுக்கு எம்மேல எம்புட்டுப் பாசம் பாரு,” என்றார்.

சங்கர் பக்கம்? காலையில் ஊறவைத்த கடலை, முளைகட்டின பயறு, நாலு முட்டை. மதியம் அம்மா கையால் உளுந்தஞ்சோறு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை அரிசியோடு போட்டு, பூண்டும் தேங்காயும் சேர்த்துக் குழைய வேகவைத்து, எள்ளுத் துவையலோடு வைப்பாள். புதன், சனி, ஞாயிறு கறியோ மீனோ. வைப்பது மட்டுமில்லை, தட்டு காலியாகும்வரை கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள். என் அட்டவணையில் நான் எழுத மறந்தது இந்தக் கரண்டியைத்தான்.

மாதம் பிறந்தால் அவனிடமிருந்து படம் வரும். ஐம்பத்தாறு. ஐம்பத்தொன்பது. அறுபத்திரண்டு. படத்தில் இருப்பது என் முகம். என் மூக்கு, என் இடது புருவத்துத் தழும்புகூட அதேபோல, இருவரும் ஒரே தறிக்கட்டையில் முட்டிக்கொண்டது. ஆனால் கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. கண்ணாடி முன்னால் நின்று அந்தப் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். எனக்கு வரவேண்டிய தோளை அவன் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கும். அடுத்தவன் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் மனதுக்குச் சமாதானம் உண்டு: அவன் பரம்பரை அப்படி, எலும்பு அப்படி. எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை. நான் ஊரில் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்பதற்கு அத்தாட்சி மாதாமாதம் போனுக்கு வந்துகொண்டிருந்தது.

என் எடை அப்போது ஐம்பத்தொன்று. ஜெர்மனிக்கு வந்து இரண்டு கிலோ இறங்கியிருந்தேன்.

4

போன ஆடியில், எங்கள் பிறந்தநாளுக்கு அம்மா பார்சல் அனுப்பினாள். அது நேராக வீட்டுக்கு வரவில்லை. சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம்தான் வந்தது: உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாக இல்லை, நேரில் வந்து திறந்து காட்டவும்.

நம்பர் சீட்டு எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு அம்மையார் கத்தியை என்னிடம் நீட்டி, நீயே திற என்றார். முதலில் வந்தது ஒரு பை நிறைய மாவு. அவர் முகம் மாறியது.

“இது என்ன?”

“பருப்பு மாவு. கருப்பட்டி சேர்த்துக் களி கிண்டுவது.”

“எதற்கு?”

“தசை வளர்வதற்கு,” என்றேன். தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதுதான் வலித்தது. அடுத்து சட்டை. நீலத்தில் வெள்ளைக் கட்டம். உதறி விரித்துப் பிடித்தவர், “இது உனக்கா?” என்று கேட்டார். எனக்குத்தான், பிறந்தநாள் பரிசு என்றேன். “சொந்த உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறது. ஆனால் இது பெரிய ஆள் சட்டையாக இருக்கிறதே,” என்றார். குற்றம் சாட்டவில்லை, படிவத்தில் எழுத வேண்டுமே என்ற கவலைதான். நான் ரோஷத்தோடு அங்கேயே டீ-சர்ட்டுக்கு மேலே அதைப் போட்டுக் காட்டினேன்.

தோள் தையல் இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. மார்பில் ஒரு கை விட்டு எடுக்கலாம். சட்டைக் கைக்குள் காற்று அடித்தது. அம்மா தப்பு ஒன்றும் செய்யவில்லை. எப்போதும்போல வீட்டில் சிக்கியவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அண்ணாச்சி எப்போதும்போல ‘ரெண்டு’ என்று வட்டமிட்டிருக்கிறார்.

அம்மையார் முத்திரை குத்திக் கொடுத்தார். “பரவாயில்லை, வளர்வாய்,” என்றார். இருபத்தாறு வயதுக்காரனிடம்.

5

அன்றைக்குச் சங்கர் வீடியோவில் வந்தான். அதே சட்டை, அதே கட்டம், தைத்ததே அவன் மேல் வைத்துத்தான் என்பதுபோல. வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம். கயிறு எப்படிப் போகிறது என்று கேட்டேன். “முக்கால்வாசி ஏறிருதேன்லே. உச்சிக்கு இன்னும் நாலு பிடிதான்,” என்றான். முகமெல்லாம் வெளிச்சம். தேர்வு புரட்டாசியில்.

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

“எடை ரொம்ப ஏறிட்டேலே. அறுபத்தாறு கிலோவ ரெண்டு கையி எப்படித் தூக்கும்? கயித்துக்கு ஆளு லேசா இருக்கணும். மதியச் சோத்த நிறுத்து. முட்டை ரெண்டு போதும். உளுந்தஞ்சோறு வேண்டவே வேண்டாம். ராத்திரிக்குக் கஞ்சி.”

“அம்மா வையுமே.”

“தேர்வு அம்மாவுக்கா ஒனக்கா?”

அதில் பாதி உண்மை இருந்தது. லேசான ஆள் கயிறு ஏறுவது சுலபம்தான். ஆனால் தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கையில், கையில் இப்போதுதான் பலம் ஏறிக்கொண்டிருக்கிறவனிடம் சோற்றை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அவன் தேர்வில் தோற்க வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. அடுத்த மாதப் படம் கொஞ்சம் என்னைப்போல இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், அதற்கு எது விலை என்று பார்க்காமல்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு செய்தான். முதலிலேயே சொல்லித்தானே இருந்தான். ஆவணி பிறந்தபோது படம் வந்தது. அறுபத்து மூன்று. கன்னம் ஒட்டியிருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அன்றைக்கு நான் முழு டப்பா க்வார்க் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

6

ஆவணி நடுவில் அம்மா கூப்பிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“ஏலே நாராணா, அவன்ட்ட என்னத்தச் சொல்லி வச்சிருக்க? பிள்ளை சோத்தக் கண்டாலே ஒதுக்குதான். இன்னைக்குக் கயித்துல இருந்து பாதியில விழுந்துட்டான்.”

“அடி பட்டுச்சா?”

“முட்டி செராய்ச்சிருக்கு, அது கெடக்கு. கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சாம். நான் அப்பமே சொன்னேன், அவன் சொல்லுதான்னு பட்டினி கெடக்காதல, அவன் அங்கன இருந்து என்னத்தக் கண்டான்னு. அதுக்கு எம்மேல பாயுதான். ‘அவன் படிச்சவன், எனக்குத் தப்பாச் சொல்லுவானா’ன்னு ஒனக்காகச் சண்டைக்கு வாரான்.”

ஷூவில் ஒரு காலை விட்டபடி உட்கார்ந்துவிட்டேன்.

தப்பிக்க வழி இருந்தது. கணக்குத் தப்பிவிட்டது என்று சொன்னால் போதும். அட்டவணையை மாற்றி அனுப்பினால் அவன் நன்றிகூடச் சொல்வான். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. ஆனால் எனக்காக அம்மாவிடம் சண்டை போடுகிறவனிடம் இன்னொரு பாதி உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்படியே போனைப் போட்டேன். அவன் செட்டில் இருந்தான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தவேண்டியிருந்தது.

“லே, நான் வேணும்னேதான் சோத்த நிறுத்தச் சொன்னேன்!”

“என்னது?”

“வேணும்னே சொன்னேன்! ஒன் படத்தப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல! நீ சாப்பிடணும், நிறைய! இன்னைக்கே!”

தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. இந்த மாதிரி ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்லவேண்டிய கேவலம் யாருக்கும் வரக்கூடாது.

“நெசமாவா லே?” என்றான்.

“ஆமா.”

வைத்துவிட்டான். அதன்பிறகு மூன்று வாரம் பேசவில்லை. நான் அனுப்பிய புதிய அட்டவணையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அம்மாதான் தினமும் ஒரு வரி அனுப்புவாள், காரணம் எதுவும் தெரியாமல்: ‘இன்று உளுந்தஞ்சோறு இரண்டு தட்டு.’ ‘ஆட்டுக்கால் சூப்பு.’ ‘கயிறு முக்கால்.’ அந்த மூன்று வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜிம்முக்குப் போகவில்லை. அட்டவணையில் டிக்கும் அடிக்கவில்லை.

7

தேர்வன்று மதியம் கேன்டீனில் இருந்தேன். போன் அடித்தது. அவன்தான்.

“ஏறிட்டேன்லே.”

“உச்சிக்கா?”

“உச்சிக்குத்தான். மார்பு எண்பத்தொம்பது. அளந்தவரு ரெண்டு தடவ டேப்பப் போட்டுப் பாத்தாரு.” பின்னால் ஒரே கூச்சல், விசில் சத்தம். “எப்படி ஏறுனேன்னு கேளு.”

“எப்படி?”

“கயித்த ஒன் கழுத்துன்னு நெனச்சுக்கிட்டேன். பிடி விடவே இல்ல.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

“பொறாமைன்னா ஒனக்கு மட்டுந்தான் சொந்தமாலே? நீ பிளைட்டு ஏறுன அன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? செட்டுக்குப் போயி, எட்டுத் தறியும் ஓடும்போது நடுவுல நின்னு, ஒன்னக் கெட்ட கெட்ட வார்த்தையா வஞ்சு கத்துனேன். பக்கத்துல நின்ன அப்பாவுக்கே கேக்கல. அந்தச் சத்தத்துல இதுதான் ஒரு வசதி. நீ பாவம், ஒங்கூர்ல எல்லாம் அமைதியா இருக்கு, கத்த எடமில்லாம சோத்துல கை வச்சுட்ட.”

பெயர்ப் பட்டியல் மார்கழியில் வந்தது. சங்கர் பெயர் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போய் மாவிளக்கு ஏற்றினாள். அப்பா தெருவுக்கே காரச்சேவும் மைசூர்பாகும் கொடுத்தாராம். நானும் இங்கே கேன்டீனில் சாக்லேட் கொடுத்தேன். ஜெர்மனில் இந்த முறை சரியாகச் சொன்னேன்: என் அண்ணன் போலீஸ். சொல்லும்போது பெருமையாக இருந்தது. சொல்லி முடித்ததும் பழைய கணக்கும் கூடவே வந்தது. உடம்பு அவனுக்கு, அம்மா அவனுக்கு, இப்போது இதுவும்.

சங்கர் காக்கித் துணியோடு அண்ணாச்சி கடைக்குப் போனதை அம்மா வீடியோவில் காட்டினாள். அண்ணாச்சி டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, மார்பு, தோள், கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார். எழுதி முடித்து, பழக்கத்தில், தலை நிமிராமலே கேட்டார்: “ரெண்டு பேருக்குந்தான?”

“ஒருத்தருக்குத்தான் அண்ணாச்சி,” என்றான் சங்கர்.

நோட்டில் பேனா வட்டம் போட வந்து நின்றதைப் பார்த்தேன். எங்களில் ஒருவனுக்கு மட்டும் தைக்கப்போகிற முதல் சட்டை. அம்மாவும் அப்போதுதான் அதை நினைத்திருக்க வேண்டும். மறுநாள்தான் அந்தச் செய்தி வந்தது: உன் அளவை அனுப்பு.

அடுத்த டிராமில் ஏறி அறைக்கு வந்தேன். ஆடிச் சட்டையை எடுத்தேன். உள்ளே கம்பளி ஸ்வெட்டர் போட்டு, அதற்குமேல் அதை மாட்டி, பொத்தான் எல்லாம் போட்டு ஒரு படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். ‘அவன் அளவே சரியாக இருக்கிறது’ என்று எழுதினேன்.

அம்மாவிடமிருந்து உடனே குரல் வந்தது: “ஏ மக்கா, பூசுனாப்புல ஆயிட்டியே! என் கண்ணே பட்டுரும்.”

சங்கரிடமிருந்து ஒரு வரி: ‘ஸ்வெட்டரக் கழத்திட்டுப் படம் அனுப்புலே.’

கழற்றினேன். டேப் எடுத்து அளந்தேன். மூச்சை இழுக்காமல், ஏமாற்றாமல். எண்பத்தொன்று. எடை ஐம்பத்து நாலு, புரட்டாசிக்குப் பிறகு ஏறிய மூன்று கிலோவையும் சேர்த்து. ஆசியக் கடையில் தோல் உளுந்து கிடைக்கிறது என்று கண்டுபிடித்ததிலிருந்து கேன்டீனுக்கு டப்பா கட்டிக்கொண்டு போகிறேன், போதை ஏறிவிட்டது என்றதற்குச் சிரித்த அதே மேசைக்கு. எண்களை அவனுக்கு மட்டும் அனுப்பினேன். அம்மாவிடம் எண்பத்தொன்று என்றே சொல்லிவிடு, அண்ணாச்சியைத் தனியாகத் தைக்கச் சொல் என்றேன்.

பதில் வர அரை மணி நேரமானது. குரல் பதிவு, பின்னால் தறி ஓடுகிறது:

“அதெல்லாம் முடியாது. என் அளவத்தான் குடுத்துட்டு வந்திருக்கேன், அண்ணாச்சியும் ரெண்டுன்னு எழுதிட்டாரு. சட்டை வந்துரும். நீதான் அத நெரப்பணும். அட்டவணைய நான் எழுதி அனுப்புதேன், கண்ண மூடிக்கிட்டுச் செய்யி. தப்பா எழுத மாட்டேன், பயப்படாத.”

மூன்று முறை கேட்டேன். தோளில் ஜெயித்தவன் இதிலும் ஜெயித்துவிட்டான், பதினோரு நிமிட மூத்தவன். எப்படித்தான் இவனுக்கு மட்டும் எல்லாம் பெரிதாகவே அமைகிறதோ. அந்த எரிச்சலோடுதான் எழுந்துபோய் குக்கரைத் திறந்து, இரண்டாவது தட்டு உளுந்தஞ்சோறு போட்டுக்கொண்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.